இலுப்பையா, ரிக்சியாவா: எதைக் காப்பது எளிது?

நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று, இலுப்பை மரத்தின் பெயரைத் தாங்கிய இலுப்பைக்குடியில் இருக்கிறது. சப்போட்டா குடும்பத்து இலுப்பைக்குப் பூ, விதை, நீர் கடத்தும் திசு எல்லாம் உண்டு. மழைக்குப் பின் ஊருணிக் கரையில் நாணய அளவில் பச்சை வட்டமாக ஒட்டிக் கிடக்கும் ரிக்சியாவுக்கு இவை எதுவும் கிடையாது. வேர்கூட இல்லை, வேரிழைகள்தான். பூவும் விதையும் இல்லாத எளிய நிலத்தாவர வகையான பிரையோஃபைட்டு இது, நாம் பாசி என்று வழித்துப் போட்டுவிடுகிறோம்.

இலுப்பை விதை காய்ந்தால் முளைக்காது, உதிர்ந்த கையோடு விதைக்க வேண்டும். ரிக்சியாவின் ஸ்போர்களோ (விதைக்குப் பதில் அதைப் பரப்பும் நுண்துகள்கள்) கோடை முழுக்க மண்ணில் தாக்குப்பிடிக்கும். அப்படியும் எனக்குக் கவலை ரிக்சியாவைப் பற்றித்தான். விளக்கேற்றும் எண்ணெய்க்கும் நிழலுக்கும் இலுப்பைக் கன்று நட ஆளிருக்கிறது. ரிக்சியாவை யார் நடுவார்? மண் கரை இருந்தால் அது தானாகவே வரும். நாலு புறமும் சிமெண்ட் பூசிவிட்டால் அந்த ஊருணியில் அதன் கதை முடிந்தது.