சிவப்பு வட்டு டைமர்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பழக்குவது

மணி பார்க்கத் தெரியாத வயதில் 'இன்னும் பத்து நிமிஷம்' என்றால் குழந்தைக்கு ஒன்றும் விளங்காது. 60 நிமிட வட்டு டைமரில் சிவப்புப் பகுதி சுருங்கிக்கொண்டே வருவதால், மிச்சம் எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியும்.

தனியாக விளையாடப் பழக்க, 5 நிமிடத்தில் தொடங்குங்கள். குமிழைக் குழந்தையே திருகட்டும். கட்டைகள், கிரேயான் என்று இரண்டே சாமான் போதும். நிறையக் கொட்டினால் கவனம் சிதறும். அந்த நேரத்தில் நீங்கள் அதே அறையில் உங்கள் படிப்பையோ எழுத்தையோ பாருங்கள் (கைபேசியை அல்ல). பழகியபின் 2, 3 நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். மணி அடித்ததும் நீங்கள் எழுந்து குழந்தையிடம் போய்விட வேண்டும். 'இதோ வர்றேன்' என்று நாலு தடவை இழுத்தால் சிவப்பின் மேலுள்ள நம்பிக்கை போய்விடும். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். தண்டனைக்கு இதே டைமரை வைத்தாலும் அப்படித்தான்.

முறுக்கி ஓட்டும் மாடல்கள் பலவற்றில் 5 நிமிடம் வைக்க, முதலில் 5-ஐ நன்றாகத் தாண்டித் திருகிப் பின்னால் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மணி ஒழுங்காக அடிக்காது. டிக் டிக் சத்தமும் உண்டு. பேட்டரி மாடல் அமைதியானது, ஆனால் பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லையென்றால் வாங்காதீர்கள்.