இல்லாத யாளிக்குத் துதிக்கை உண்டா? எழுவாயின் இருப்பு பற்றி நான்கு நிலைப்பாடுகள்

'எல்லா யாளிகளுக்கும் துதிக்கை உண்டு.' யாளி என்றொரு விலங்கே கிடையாது. அப்படியென்றால் இந்தக் கூற்று மெய்யா, பொய்யா?

அரிஸ்டாட்டில் மரபில் பொய். உடன்பாடாக, அதாவது 'உண்டு', 'ஆகும்' என்று ஒன்றைச் சொன்னால் எழுவாய் இருந்தாக வேண்டும். அதனால்தான் 'எல்லாம்' என்பதிலிருந்து 'சில' என்பதற்கு இறங்க முடிகிறது. வெற்று எழுவாய் (இல்லாத பொருள்) வந்தால், 'எல்லாம் உண்டு', 'எதுவும் இல்லை', 'சில உண்டு', 'சில இல்லை' என்ற நான்கு கூற்றுகளின் உறவைக் காட்டும் எதிர்நிலைச் சதுரம் உடைந்துவிடும் என்று பாடநூல்கள் சொல்வது பாதி உண்மைதான். 'சில யாளிகளுக்குத் துதிக்கை இல்லை' என்பதை 'எல்லா யாளிக்கும் துதிக்கை உண்டு என்பது சரியல்ல' என்று படித்தால் சதுரம் தப்பிவிடும். 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் பூரிதான் எதிர்மறைகளுக்கு எழுவாயின் இருப்பைக் கோரவில்லை. அடி விழுவது வேறிடத்தில். 'எந்த யாளியும் பறக்காது' மெய். அதையே 'எல்லா யாளிகளும் பறவாதவை' என்று உடன்பாடாக்கினால் பொய்!

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களான பூல், வென் வழிவந்த இன்றைய அளவையியலில் (தர்க்கவியலில்) முதல் கூற்று மெய். 'துதிக்கை இல்லாத யாளி எதுவும் இல்லை' என்பதே அதன் பொருள். 'எந்த யாளிக்கும் துதிக்கை இல்லை' என்பதும் கூடவே மெய்யாகும். அது உறுத்தினாலும் முரண்பாடு அல்ல. இரு கூற்றுகளிலிருந்து மூன்றாவதை முடிவாகப் பெறுவது முக்கூற்று; மரபு ஏற்ற 24 முக்கூற்று வடிவங்களில் 15 மட்டுமே தேறுகின்றன. விழுந்தவற்றுள் ஒன்று தராப்தி என்ற வடிவம்: எல்லா யாளிக்கும் துதிக்கை உண்டு, எல்லா யாளிக்கும் சிங்க உடல், ஆகவே துதிக்கையுள்ள சில, சிங்க உடல் கொண்டவை. வென் படத்தில் மூன்று வட்டம் போட்டுப் பாருங்கள். யாளி வட்டத்தில் துதிக்கைக்கு வெளியே உள்ளதையும் சிங்க உடலுக்கு வெளியே உள்ளதையும் காலி என்று நிழலிட்டால் அந்த வட்டத்தில் நடுக்கட்டம் மட்டும் மிஞ்சும். முடிவுக்கு அங்கே 'இங்கே ஒன்றாவது உண்டு' என்று காட்டும் ஒரு பெருக்கல் குறி வேண்டும். அதைப் போட முடிவுக்கு முன் வரும் இரு எடுகூற்றுகளிலும் அனுமதி இல்லை. 'யாளி உண்டு' என்று மூன்றாவதாக எழுதினால்தான் போடலாம்.

நிரல் எழுதுவோர் தினமும் புழங்குவது இந்தக் கட்சியில்தான். பைத்தான் நிரல்மொழியில் 'எல்லாம் மெய்யா' என்று பார்க்கும் 'ஆல்' (all), வெற்றுப் பட்டியலுக்கு 'ட்ரூ' (True, மெய்) என்றே சொல்லும். 'எல்லாச் சோதனையும் தேறியது' என்று திரை காட்டும். உண்மையில் ஒரு சோதனையும் ஓடியிருக்காது. பட்டியல் காலியா என்பதைத் தனி வரியில் சோதிக்க வேண்டும்.

1950இல் ஆங்கிலேய மெய்யியலாளர் ஸ்ட்ராசன் வேறு வழி போனார்: எழுவாய் இல்லையென்றால் மெய்யா பொய்யா என்ற கேள்வியே எழாது. பிள்ளை இல்லாதவர் 'என் பிள்ளைகள் எல்லாரும் தூங்குகிறார்கள்' என்றால் நாம் திகைப்பது இதனால்தான். பேச்சுவழக்குக்கு இதுவே மிக நெருக்கம். ஆனால் 'அத்துமீறி நுழைவோர் அனைவரும் தண்டிக்கப்படுவர்' என்ற பலகையிடம் இது தடுமாறும். யாருமே நுழையாவிட்டாலும் விதி விதிதான். அங்கே பூல் கைகொடுப்பார்.

வாதத்துக்கு என் தேர்வு மணிமேகலை. 29ஆம் காதையில் பௌத்த ஆசான் அறவண அடிகள் அடுக்கும் ஏதுப்போலிகளில் (ஏது, அதாவது காரணம், போலத் தோன்றும் தவறுகளில்) ஒன்று ஆசிரயாசித்தம்: ஏது சார்ந்து நிற்கும் எழுவாயே ஏற்கப்படாத குற்றம். ஆகாசம் ஒரு பொருள், அதற்குச் சத்தம் குணமாக இருப்பதால் என்று ஒருவர் வாதிடுகிறார். ஆகாசத்தையே ஏற்காதவரிடம் அந்த ஏது நிற்க இடமின்றி விழுகிறது. ஏற்பவரிடம் இந்தக் குற்றம் எழாது. உலகில் ஆகாசம் உண்டா என்பதல்ல இங்கே அளவுகோல், எதிரே இருப்பவர் ஒப்புகிறாரா என்பதே. எனவே ஏதுவைச் சொல்லும் முன்பே எழுவாய்க்கு ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.