அமெரிக்காவா, பெங்களூரா? பொதுக்கொள்கைப் படிப்புக்குக் காத்திருக்கும் குமரிப் பிள்ளைகளுக்கு

மார்ச் பிறந்தால் எனக்கு ஒரே கேள்விதான் வரும். "அக்கா, பெங்களூர்ல கெடச்சாச்சு, ரூவா கெட்டச் சொல்லுதாங்க. அமெரிக்கா ரிசல்ட் இன்னும் வரல. என்ன செய்யட்டு?" அரசுத் திட்டங்களை எப்படி வகுப்பது, எப்படி அலசுவது என்று சொல்லித்தரும் பொதுக்கொள்கை முதுகலைக்கு இரண்டு பக்கமும் விண்ணப்பித்து, இரண்டு பக்கமும் காத்திருந்து, கடைசியில் பெங்களூருக்குப் போனவள் நான். அதனால் இந்த ஒப்பீடு நடுநிலையாக இருக்காது. தெரிந்துகொண்டே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். பெயர், நூலகம், ஆசிரியர்கள், உலகம் முழுக்க நண்பர்கள் என்று பார்த்தால் அமெரிக்காதான் முன்னே நிற்கிறது. ஹார்வர்டு கென்னடி பள்ளி, சிகாகோவின் ஹாரிஸ் பள்ளி, மிச்சிகனின் ஃபோர்டு பள்ளி இவற்றில் புள்ளியியலையும் பொருளாதாரத்தையும் கசக்கிப் பிழிந்து சொல்லிக் கொடுப்பார்கள். நம் ஊரில் அந்த அளவுக்கு எல்லா இடத்திலும் கிடையாது. அங்கே போனால் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் கிடைக்காது என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

இந்தியாவிலும் முன்பு போல் பஞ்சமில்லை. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் 2014 முதல் பொதுக்கொள்கை முதுகலை நடக்கிறது, அதற்குத் தனி நுழைவுத்தேர்வு. டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்கு இப்போது மத்திய அரசின் பொது நுழைவுத்தேர்வு வழியாகப் போக வேண்டும். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைப்பார்கள். டெல்லி ஐஐடியிலும் பொதுக்கொள்கைக்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது.

காத்திருப்பில் இரண்டும் வேறு வேறு ரகம். இங்கே தேர்வு, நேர்முகம், பட்டியல், அப்புறம் காத்திருப்போர் பட்டியல் சுற்றுச் சுற்றாக நகரும். நம் எண் எது, போன சுற்றில் எதுவரை போனது என்று பார்த்தால் ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். அமெரிக்காவுக்கு டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பித்தால் மார்ச் நடுவில்தான் பெரும்பாலும் முடிவு வரும். அதுவும் ராத்திரியில். பாஸ்டனில் நண்பகல் என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு பத்தரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அது ஒன்பதரை ஆகிவிடும். வருகிற மெயிலில் முடிவு இருக்காது. 'உங்கள் விண்ணப்ப நிலையில் மாற்றம் உள்ளது, உள்ளே போய்ப் பாருங்கள்' என்று ஒற்றை வரி. உள்ளே போக அந்த நேரம் பார்த்துக் கடவுச்சொல் மறந்திருக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கப்போன பிறகு, போனை வெளிச்சம் குறைத்து வைத்துக்கொண்டு, அடுத்தவனுக்கு வந்துவிட்டதா என்று தேடிக்கொண்டிருப்பது உடம்புக்கு நல்லதல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் அமெரிக்க அலுவலகம் பெரும்பாலும் திறந்திருக்காது, பகலில் மெயிலைப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. இதை மனசில் ஏற்றிக்கொண்டாலே பாதி நாள் மிச்சம்.

ரப்பர் தோட்டத்தை நம்பியிருக்கும் வீடுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும், பால் வெட்டை நிறுத்தியிருப்பார்கள். முன்பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வருவது வீட்டில் வரும்படி இல்லாத அந்த மாதங்களில்தான்.

அதனால் பெங்களூருக்குப் பணம் கட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில்: கட்டுங்கள். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், நடைமுறைச் செலவுக்கு அதிகபட்சம் 5000 ரூபாய் பிடிக்கலாம். அதற்குப் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று இறங்கிக்கொண்டே போகும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. சில ஆண்டுகளில் குழு இதைவிடத் தாராளமாகவும் அறிவித்திருக்கிறது, எனவே அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டம் தராமல் சான்றிதழ் மட்டும் தரும் தனியார் கொள்கைப் பள்ளிகளை இந்த விதி கட்டுப்படுத்தாது. அங்கே கட்டினால் கட்டியதுதான். அமெரிக்க முன்பணமும் பொதுவாகத் திரும்பாது. ஆக, விட்டுக்கொடுக்கச் செலவு குறைந்தது இந்திய இடம்தான்.

ஏப்ரல் 15 என்ற தேதியையும் பலர் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பில் ஒரு தீர்மானம் உண்டு. அதில் ஒப்பமிட்ட பல்கலைக்கழகங்கள் நிதியுதவியோடு இடம் தந்தால், அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி நெருக்கக் கூடாது. நிதியுதவி இல்லாத இடத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் தேதி.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் முடிவைத் தீர்மானித்தது பல்கலைக்கழகத்தின் பெயரோ பாடத்திட்டமோ அல்ல. பிணை. யாருடைய நிலத்தை வைத்துக் கடன் வாங்குகிறோம் என்பது.

அமெரிக்காவின் பேர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக்கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50 ஆயிரம் டாலரைத் தாண்டும். இருக்க, தின்ன, காப்பீடு எல்லாம் சேர்த்தால் இரண்டு ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய் தாராளமாக ஆகும். எனக்கு அங்கே ஒரு இடம் கிடைத்தது, கல்விக்கட்டணத்தில் பாதித் தள்ளுபடியோடு. கேட்கப் பெரிதாக இருந்தது. வீட்டுச் சேமிப்பைப் போட்ட பிறகும் 50 லட்சத்துக்குக் குறையாமல் கடன் வேண்டியிருந்தது. வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. அதற்கு மேலே போனால் வீடோ நிலமோ வைக்க வேண்டும்.

எங்களிடம் இருந்தது குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் விளை, அதாவது தோட்டம். அது தாத்தா பெயரில். தாய்ப்பத்திரம் திருவிதாங்கூர் காலத்தது, மலையாளத்தில். அதை மொழிபெயர்த்து, வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வில்லங்கம் எடுத்து, வக்கீலிடம் சட்டக் கருத்து வாங்கி, மதிப்பீட்டாளர் வந்து பார்த்து முடியத்தான் பிணை. சித்தப்பா தடை சொல்லவில்லை. "விளைய வச்சுப் படிக்கதுல எனக்கு ஒண்ணும் இல்ல மக்ளே. ஆனா அத்தைமாரும் வந்து ஒப்புப் போடணும்லா" என்றார். மூத்த அத்தை கருங்கல் ஊரில், இளைய அத்தை மஸ்கட்டில்.

அத்தைமார் ஒப்பு வேண்டும் என்பது நியாயம்தான். 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத்தான் கொடுத்தது. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கி, இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்றது. அதனால்தான் அத்தைமாருக்கும் அந்த விளையில் சம பங்கு. அதை என் படிப்புக்காகப் பதினைந்து வருஷம் வங்கியில் கிடத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை? சொல்லியிருந்தால் ஒப்புப் போட்டிருப்பார்கள். எனக்குக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

கேட்டிருந்தாலும் நேரம் இடித்திருக்கும். அமெரிக்க விசாவுக்கு முன்னால் பல்கலைக்கழகம் ஐ-20 என்ற படிவம் தர வேண்டும். அதற்கு முதல் ஆண்டுப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும், அதாவது கடன் ஒப்புதல் கடிதம். மஸ்கட் அத்தை தூதரகம் போய் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பி, அதை இங்கே முத்திரையிட்டு, அப்புறம்தான் வங்கிக் கோப்பு நகரும். அதன் பிறகு சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்முகத்துக்குத் தேதி வேண்டும். பிள்ளைகள் மெயிலுக்காகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள். உண்மையான காத்திருப்பு சார்பதிவாளர் அலுவலகத்திலும் வங்கியிலும்தான். ஒரு வங்கிக் கிளையில், "பொதுக்கொள்கைன்னா இன்ஜினியரிங்கா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொன்னதும் கோப்பை மூடி மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்கள். பிணை கேட்காத தனியார் கடன் நிறுவனங்களும் உண்டு. வட்டி கூடுதல், கூட ஒப்பமிடுபவரின் சம்பளத்தைப் பார்ப்பார்கள். ரப்பர் வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு எங்கே போவது?

இதையெல்லாம் தாண்டிக் கடன் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 50 லட்சம், 10 சதவீத வட்டி, 15 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 53,700 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. இந்தியாவில் ஒரு கொள்கை ஆய்வு அமைப்பில் புதிதாகச் சேருகிறவர்களில் பலருக்கு மாதச் சம்பளமே அந்த அளவில்தான். அப்போது என்ன செய்வோம்? ஆலோசனை நிறுவனத்துக்குப் போவோம், அல்லது அமெரிக்காவிலேயே நிற்கப் பார்ப்போம். அங்கே படிப்புக்குப் பின் வேலை அனுமதி 12 மாதம். அறிவியல், தொழில்நுட்ப வகையில் சேர்க்கப்பட்ட படிப்பானால் மேலும் 24 மாதம். பொதுக்கொள்கைப் படிப்புகள் சில அந்த வகையில் உண்டு, பல இல்லை.

ஏன் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் எழுதும் நோக்க உரையில் ஒக்கிப் புயல் வராமல் இருக்காது. என்னுடையதிலும் வந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஆழ்கடலுக்குப் போன தூத்தூர், வள்ளவிளை மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை, அதைச் சரிசெய்யப் படிக்க வருகிறேன் என்று எழுதுவோம். எழுதிவிட்டு 53,700 ரூபாய்த் தவணையோடு வெளியே வந்தால் மீன்வளத் துறைப் பக்கம் எட்டிப்பார்க்கக்கூட முடியாது. எந்த வேலைக்குப் போகலாம் என்பதைக் கடன்தான் முடிவுசெய்யும்.

பெங்களூரில் என் கடன் ஏழரை லட்சத்துக்குள் நின்றது. 10 சதவீதம், 10 ஆண்டு என்றால் தவணை 9,900 ரூபாய்ச் சொச்சம். விளை தாத்தா பெயரிலேயே இருக்கிறது. கோடைக் களப்பணிக்குத் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொண்டேன். முகத்துவாரத்தில் மணல் மேடாகிப் படகு கவிழ்ந்து ஆட்கள் சாகிறார்களே, அந்த விஷயம். நாகர்கோவிலுக்கு ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் களத்துக்குப் போய்விடலாம். பாஸ்டனில் இருந்திருந்தால் அந்த ஆய்வை யாரோ எழுதிய அறிக்கையிலிருந்து எழுதியிருப்பேன்.

பெங்களூரு பக்கம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. கணக்குப் பாடங்களில் நான் கற்றது போதவில்லை, வேலைக்கு வந்த பிறகு தனியாக உட்கார்ந்து படித்தேன். உலக வங்கி போன்ற இடங்களோ முனைவர் பட்டமோதான் குறி என்றால் அமெரிக்கப் பட்டத்துக்கு இருக்கும் மதிப்பு வேறு. முழு உதவித்தொகை கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், போங்கள். வீட்டில் தனிப் பெயரில் தெளிவான பத்திரம் இருந்து, அப்பாவோ அம்மாவோ அரசுச் சம்பளத்தில் இருந்தால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

சிங்கப்பூரின் லீ குவான் யூ பள்ளி நல்ல நடுவழி என்பார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, ஆசிய நாடுகளின் பிரச்சினைகள் பாடத்திலேயே உண்டு. அங்கே படித்தவர்களில் எனக்கு நெருக்கமானவர் ஒரே ஒருவர்தான், அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை ஓராண்டுப் படிப்புக்கு முழுச் செலவையும் தரும். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், முடித்த பின் இரண்டு ஆண்டு இந்தியாவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஊருக்குத்தான் திரும்பப்போகிறோம் என்பவருக்கு அது நிபந்தனையே இல்லை. இங்கே படித்து, தமிழ்நாடு முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம் மாதிரி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, அப்புறமும் வெளிநாட்டுப் படிப்பு தேவைப்பட்டால் அந்த வழியில் போவதே மேல் என்பது என் எண்ணம். நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

இப்போது மெயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் இன்றைக்கே வீட்டில் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். வில்லங்கச் சான்றிதழை இணையத்திலேயே பார்க்கலாம், ரொம்பப் பழைய காலத்துக்கு மட்டும் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். பாதி உதவித்தொகையோடு இடம் வந்தால், கூட்டித் தர முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள், வேறு இடத்தில் அதிகம் தந்திருந்தால் அந்தக் கடிதத்தையும் வைத்து. முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.