வாசலில் காய்ச்சல் கருவியா, வகுப்பில் திறந்த ஜன்னலா?

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2020 டிசம்பரில் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கல்லூரி திறந்தபோது வாசலில் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கும் கருவி, கையில் சானிடைசர், பெஞ்சு முழுக்கக் கிருமிநாசினி. 2021 செப்டம்பரில் மறுபடி திறந்தபோது முகக்கவசத்தோடு தடுப்பூசியும் சேர்ந்துகொண்டது. எது உண்மையில் காப்பாற்றும் என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன், கூடவே திறந்த ஜன்னலையும்.

கொரோனா தொற்றியவர் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே மற்றவருக்குப் பரப்ப முடியும், சிலருக்குக் காய்ச்சலே வராது. அப்படி ஒரு பையன் மன்னார்குடியிலிருந்து நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டே திருவாரூர் வந்து இறங்கினாலும் அந்தக் கருவி அவனை உள்ளே விட்டுவிடும். பெஞ்சைத் துடைப்பதாலும் பெரிய பலன் இல்லை, வைரஸ் முக்கியமாகப் பரவுவது மூச்சுக்காற்றில். கை கழுவுவதை விடச் சொல்லவில்லை, அது வயிற்றுப்போக்கையும் தடுக்கும்.

சரி, ஜன்னலுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் காவிரி டெல்டாவில் சாரல் அடித்தால் எல்லாரும் முதலில் சாத்துவது அதைத்தான். சாரல் வரும் பக்கத்தை மட்டும் சாத்துங்கள், எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும், முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் முகக்கவசம் உதவாது, அங்கே சிறு சிறு குழுவாக முறைவைத்து அனுப்பச் சொல்லி நிர்வாகத்தைக் கேளுங்கள்.