ராயக்கோட்டை ரோடு லென்ஸ் வாடகைக் கடை: விமானம் படம் எடுக்கப் போகிறவர்கள் ஒரு முறை ஏறிப் பாருங்கள்

பெங்களூர் எலகங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா மாதிரி விமானக் கண்காட்சிக்குப் போக, தூரத்து விமானத்தைப் பெரிதாகக் காட்டுகிற 150-600 லென்ஸ் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று நம் பக்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். பெங்களூர் போக வேண்டாம். கிருஷ்ணகிரியிலேயே இருக்கிறது, ராயக்கோட்டை ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில். போர்டு கிடையாது. பெயர் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை, கீழே உரக்கடையில் "போட்டோ அண்ணன்" என்று கேட்டால் படியைக் கை காட்டுவார்கள்.

நான்கு முறை அங்கே லென்ஸ் எடுத்திருக்கிறேன். நாளுக்கு 1,200 ரூபாய், சனிக்கிழமை மாலை எடுத்துத் திங்கள் காலை கொடுத்தால் ஒரு நாள் கணக்குதான். ஆதார் நகலும் 10,000 ரூபாய் அட்வான்ஸும் வாங்கிக்கொள்கிறார், திருப்பிக் கொடுக்கும்போது அந்த நிமிடமே பணம் கைக்கு வந்துவிடுகிறது. லென்ஸ் சுத்தமாக இருக்கிறது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு வேறொரு ஊரில் ஒரு கடையில் எடுத்த லென்ஸில் உள்ளே பூஞ்சை படர்ந்திருந்தது, வெயிலில் எடுத்த படமெல்லாம் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் போய் ஒரு நாள் முழுக்க வீணானது. இவர் டார்ச்சை லென்ஸுக்குப் பின்னால் பிடித்து, உள்ளே நம்மையே பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பையில் போடுகிறார்.

இன்னொரு நிபந்தனை, லென்ஸைக் காரில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. முதலில் இது அதிகப்படியாகத் தோன்றியது. 2019 பிப்ரவரி 23 அன்று எலகங்காவில் ஏரோ இந்தியா நடந்துகொண்டிருந்தபோது வாகன நிறுத்துமிடத்தில் காய்ந்த புல்லில் தீப்பிடித்துச் சுமார் 300 கார்கள் எரிந்து போனதை அவர் எடுத்துச் சொன்ன பிறகு நான் பேசவில்லை. இரண்டு கிலோ கனத்தைக் கழுத்தில் சுமப்பது கஷ்டம்தான், இருந்தாலும் சுமக்கிறேன்.

இதெல்லாம் எந்த நல்ல கடையிலும் கிடைக்கலாம். இந்தக் கடைக்கு நான் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் வேறு. விமானம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் அண்ணன் லென்ஸை உடனே கொடுப்பதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிக் கால் மணி நேரம் பேசுகிறார். அவர் பேசுவது கேமராவைப் பற்றி இல்லை, விமானத்தின் சொந்தக்காரரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றி.

அவர் விமானக்காரர் இல்லை. இருபது வருடமாக எருது விடும் விழாக்களைப் படம் எடுத்தவர். தை மாதம் பிறந்தால் நம் மாவட்டத்தில் ஊர் ஊராக எருது விடுவார்கள், தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். மாட்டை வருடம் முழுக்கத் தீனி போட்டு, குளிப்பாட்டி, கொம்பில் அலங்காரத் தட்டி கட்டி, அந்த ஓட்டத்துக்காகவே வளர்க்கிறவர் பக்கத்திலேயே நிற்பார். அவரைக் கேட்காமல் கேமராவை மாட்டின் முகத்துக்கு நேரே நீட்டினால் மாடும் மிரளும், அவருக்கும் கோபம் வரும். "மாட்டைப் படம் எடுக்கறதுக்கு முந்தி மாட்டுக்காரர் மூஞ்சியப் பாரு தம்பி, அவர் சரின்னு தலையாட்டினா அப்புறம் கேமராவத் தூக்கு. பிளேனுக்கும் அதேதான்." இதைத்தான் முதல் நாள் சொன்னார். மாட்டுக்குப் பின்னால் நிற்காதே, விமானத்துக்கு முன்னால் நிற்காதே என்பதும் அவர் சொன்னதுதான். அது வெறும் பேச்சு இல்லை. பேட்டரி இல்லாமலே தீப்பொறி உண்டாக்குகிற மேக்னெட்டோ வைத்த பழைய எஞ்சின்களில் ஒரு ஒயர் அறுந்திருந்தால் போதும், சுவிட்ச் அணைந்தே இருந்தாலும் புரொப்பல்லரைக் கையால் லேசாகத் திருப்பும்போது எஞ்சின் பற்றிக்கொண்டு சுற்ற வாய்ப்பு இருக்கிறது. நின்றிருக்கிற புரொப்பல்லர்தானே என்று சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், இப்போது அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இந்தக் கடை எனக்குத் தெரிவதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெங்களூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பறக்கும் களத்தில் தனியார் விமானங்கள் நாலைந்து வந்திருந்தன, எல்லாம் இரண்டு பேர் உட்காருகிற மைக்ரோலைட் என்கிற எடை குறைந்த விமானம். ஆர்வத்தில் ஒரு விமானத்தின் இறக்கைக்கு அடியில் குனிந்து போனேன். நிமிரும்போது முதுகுப் பையின் பக்கிள் இறக்கையின் அடிப்பக்கத்தில் உரசியது. சத்தம் கூடப் பெரிதாக இல்லை, நகத்தால் துணியைக் கீறின மாதிரி ஒரு சர்ர். அந்த இறக்கை தகரம் இல்லை, சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்திய துணி என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சொந்தக்காரர் வந்தார். திட்டவில்லை. அந்தக் கீறலைக் கட்டை விரலால் மெதுவாகத் தடவித் தடவிப் பார்த்தார், ஒரு விரற்கடை நீளம் இருக்கும். அப்புறம் வண்டியிலிருந்து நைலான் கயிறு எடுத்து விமானத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார். எனக்குப் பின்னால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நின்றிருந்தான், காக்பிட்டை எட்டிப் பார்க்கக் காத்திருந்தவன். அவனுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கயிறு விழுந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன், அவரும் பரவாயில்லை என்றார், ஆனாலும் அந்தப் பையனின் முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. ஆறுதல் சொல்லவில்லை. வாடகைப் பையை எடுத்துக் காட்டினார், அதில் உலோகப் பக்கிளே இல்லை, எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் துணி நாடா தைத்திருக்கிறார். லென்ஸ் மூடியையும் கறுப்பு நூலால் லென்ஸோடு கட்டியிருக்கிறார். ஜெட் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற வேகத்தில் ஒரு திருகு, ஒரு மூடி போனாலும் உள்ளே பிளேடுகள் சேதமாகும். விமானப்படைத் தளங்களில் ஆட்கள் வரிசையாக நடந்து ஓடுபாதையில் கல்லையும் குப்பையையும் பொறுக்குவது இதற்காகத்தான். பிஸ்கட் உறையை விட்டெறிவதும் சாப்பாட்டு மிச்சத்தைப் போடுவதும் அதே வகைதான், அதைத் தேடிப் பருந்து வரும், அதுவும் எஞ்சினுக்குள் போகலாம். 2025 ஏரோ இந்தியாவின்போது எலகங்கா தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்கு இறைச்சிக் கடைகளையே மூடச் சொல்லியிருந்தார்கள், பறவைக்கு அவ்வளவு பயப்பட வேண்டியிருக்கிறது.

அந்த 2025 பிப்ரவரி கண்காட்சிக்கு இவர் கடை லென்ஸோடுதான் போனேன். அமெரிக்காவின் எஃப்-35, ரஷ்யாவின் சுகோய்-57 போர் விமானங்கள் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்திருந்ததால் கூட்டம் அங்கேயே குவிந்திருந்தது. அந்த மாதிரி இடத்தில் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை, கயிறும் காவலும்தான், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்துவிட்டுப் பின்னால் இருப்பவருக்கு இடம் விட்டால் போதும். பத்து மணிக்கு மேல் ஓடுபாதையில் கானல் எழும்பிவிடும், எவ்வளவு நல்ல லென்ஸானாலும் தூரத்து விமானம் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரிதான் வரும், அதனால் வாடகைப் பணம் வசூலாக வேண்டுமானால் விடியற்காலை மூன்றரைக்கே கிளம்புங்கள்.

அண்ணன் சொன்னது முழுசாகப் பயன்பட்டது அதற்கு அப்புறம், மறுபடி ஒரு சின்னக் களத்துக்குப் போனபோது. இந்த முறை கேமராவைத் தோளில் தொங்கவிட்டபடியே போய், இறக்கை நுனிக்கு ஐந்தாறு அடி தள்ளி நின்று வணக்கம் சொன்னேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒருவர், கன்னடம் கலந்த தமிழ். படம் எடுக்கலாமா என்று கேட்பதற்கு முன்னால் விமானத்தைப் பற்றிக் கேட்டேன். அவ்வளவுதான், அரை மணி நேரம் பேசினார். என் விரலைப் பிடித்து இறக்கைத் துணியின் மேல் அவரே வைத்து, எவ்வளவு விறைப்பாக இருக்கிறது பாருங்கள் என்றார். காற்றின் வேகத்தை அளக்கிற பிட்டோ குழாயைக் காட்டினார், பேனா தடிமன்தான். யாராவது ட்ரைபாடால் இடித்து அது வளைந்துவிட்டால் மேலே போன பிறகு வேகமுள் தப்பாகக் காட்டும், அது உயிர் விஷயம். கண்ணாடிக் கூரையில் கை வைக்க வேண்டாம், காய்ந்த துணியால் துடைக்கவும் வேண்டாம், அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக், தூசியோடு தேய்த்தால் கோடு விழும் என்றார். நான் ஒன்றும் சொல்லாமலே, படத்தில் விழும் என்று தன் பிளாஸ்டிக் நாற்காலியையும் நீலத் தண்ணீர் கேனையும் எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார், காக்பிட்டுக்குள் எடுக்கும் படத்தை இணையத்தில் போட வேண்டாம் என்று. போடவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை.

அவர் பறந்து இறங்கினதும் கேமராவின் பின்திரையில் படத்தைக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, "எஞ்சின் நின்னு போன மாதிரி இருக்கே" என்றார், முகம் வாடிப் போனது. நான் பயத்தில் ஷட்டரை, அதாவது படம் பதிகிற நேரத்தை, 1/1000 நொடி வைத்திருந்தேன். அண்ணன் பில்லின் பின்பக்கம் பெரிய எழுத்தில் 1/125 என்று எழுதிக் கொடுத்திருந்தார், கை ஆடும் என்று நான்தான் அதை மதிக்கவில்லை. கணக்கு எளிது. புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,200 சுற்று என்றால் நொடிக்கு முப்பத்தாறு சுற்றுக்கு மேல். 1/1000 நொடியில் அது 13 டிகிரிதான் நகரும், படத்தில் அசையாமல் நிற்கிற மாதிரி தெரியும். 1/125 வைத்தால் 105 டிகிரி நகரும், மூன்று இலை புரொப்பல்லர் கிட்டத்தட்ட ஒரு முழு வட்டமாகவே வந்துவிடும். பறக்கிறவருக்கு நின்ற புரொப்பல்லர் என்பது மோசமான கனவு, அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டச் சொன்னால் எப்படி மாட்டுவார்? அவர் மறுபடி பறந்தபோது 1/125 வைத்து, விமானத்தோடு சேர்ந்து உடம்பைத் திருப்பித் திருப்பி எடுத்தேன். நாற்பதில் மூன்றுதான் தேறியது. அந்த மூன்றும் அருமை.

இனி கடையின் இன்னொரு வேலை, பிரின்ட். விமானப் படத்துக்கு 12-க்கு 18 அங்குல அளவில் 180 ரூபாய். சொந்தக்காரருக்குக் கொடுக்க என்று சொன்னால் இரண்டாவது பிரதிக்குப் பாதி விலைதான் வாங்குகிறார், உருளைக் குழாயில் போட்டுக் கூரியர் முகவரியும் அவரே ஒட்டிக் கொடுக்கிறார். அனுப்பினீர்களா என்று இரண்டு வாரம் கழித்து போன் செய்து கேட்கவும் செய்தார். வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பாமல் விடுகிற ஆட்கள் நம்மில் எத்தனை பேர், அடுத்து வருகிறவரைச் சந்தேகத்தோடு பார்க்க வைப்பது அதுதான். படத்தை விற்கிறதாக இருந்தாலோ விளம்பரத்துக்குக் கொடுப்பதாக இருந்தாலோ சொந்தக்காரரை முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதும் அண்ணன் கட்சி, நானும் அதே கட்சி.

தப்பு நம் பக்கம் மட்டும் இல்லை என்பதையும் அவர் சொல்லாமல் விடுவதில்லை. விடிந்ததும் வந்து காத்திருப்பவர்களிடம் காரணம் சொல்லாமல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்த ஒரு படத்தின் மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு, பறக்கும் பயிற்சி விளம்பரத்தில் போட்டுக்கொண்டார் ஒருவர். பொதுவில் போய்ச் சண்டை போடாதே, நேராக அவருக்கே போன் போட்டுக் கேள் என்றார் அண்ணன். கேட்டேன். பெயரைச் சேர்த்துவிட்டார், கோபப்படவும் இல்லை, அப்படிப் போடணும் என்று தெரியாது என்றார்.

குறைகள் உண்டு. கேனான் கேமராவில் பொருந்துகிற லென்ஸ் மட்டும்தான், நிக்கான்காரர்களுக்கு வழியில்லை. கடை பத்தரைக்கு மேல்தான் திறக்கும், ஞாயிறு கிடையாது. மெசேஜுக்குப் பதில் வராது, போன்தான் போட வேண்டும். முதல் முறை எடுத்த பிரின்டில் வானம் கத்திரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது, காட்டியதும் காசு வாங்காமல் மறுபடி போட்டுக் கொடுத்தார், ஆனால் அதற்கு நான்கு நாள் ஆனது. படி செங்குத்து, வயதானவர்கள் பார்த்து ஏறுங்கள். அவசரத்தில் போய் லென்ஸை வாங்கிக்கொண்டு ஓட நினைக்கிறவர்களுக்கு அந்தக் கால் மணி நேரப் பேச்சு எரிச்சலாக இருக்கலாம், எனக்கு அப்படி இல்லை.

நம் பக்கத்தில் விமானம் என்றதும் ஓசூர் தளி ரோட்டில் பேளகொண்டப்பள்ளி ஓடுபாதை ஞாபகம் வரும், லென்ஸை எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போய் நிற்கலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். அது தனியார் இடம், அனுமதி வாங்கிவிட்டு வா, அப்புறம் லென்ஸ் தருகிறேன் என்றார். அரசு விமான நிலையத்தில் படம் எடுக்கவே எழுத்து மூலம் அனுமதி வேண்டும் என்று 1937-ஆம் வருட விமான விதிகள் சொல்கின்றன, தனியார் இடத்துக்கும் அனுமதி வாங்கச் சொன்னதில் தப்பில்லை.

இந்த வகை லென்ஸ் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. தை முதல் பங்குனி வரை எருது விடும் இடங்களுக்கே அது போய்விடும், பிப்ரவரியில் கண்காட்சி வருகிற வருடம் என்றால் மார்கழியிலேயே போன் போட்டுச் சொல்லி வையுங்கள்.