இரு மாறி நேரியச் சமன்பாடுகளும் ஜியோஜீப்ராவும்: நான்கு கல்வியாண்டுகளின் பயன்பாட்டு அனுபவம்

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தமிழ்வழி மாணவர்களுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணிதம் நடத்துகிறேன். இரு மாறிகளில் அமைந்த நேரியச் சமன்பாடுகளுக்கான பயிற்சியில், சமன்பாட்டைக் கோடாக வரைந்து காட்டும் ஜியோஜீப்ரா செயலியை நான்கு கல்வியாண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். முதல் மாதத்தில் இதைப் பற்றி எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இரண்டாம் ஆண்டு அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திய இரவில் எழுதியிருந்தால், பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கவே வேண்டாம் என்று எழுதியிருப்பேன். இரண்டும் அடங்கியபின் எழுதுவதால், இதை எங்கே வைத்துக்கொள்ளலாம், எங்கே தள்ளி வைக்க வேண்டும் என்பதை ஓரளவு நிதானமாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

செயலியைப் பற்றிய அறிமுகம் பலருக்கும் தேவைப்படாது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001இல் தம் முதுநிலைப் படிப்பின் ஆய்வேடாகத் தொடங்கிய மென்பொருள் இது. 2021இல் பைஜூஸ் நிறுவனம் இதை வாங்கியது. மாணவர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நம் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்ற தலைப்பில் வரும் பக்கங்கள் பெரும்பாலும் இதைக் கொண்டே அமைக்கப்பட்டிருப்பதால் பிள்ளைகளுக்கும் பெயர் புதிதன்று. கைப்பேசியில் ஒருமுறை நிறுவிவிட்டால் கோடுகள் வரைய இணையம் வேண்டியதில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் அப்பாவின் கைப்பேசி அரை மணி நேரம் கையில் கிடைக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

முதல் ஆண்டில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். சமன்பாட்டைத் தட்டச்சு செய்யச் சொன்னேன்; கோடு வந்தது. இன்னொன்றைத் தட்டச்சு செய்யச் சொன்னேன், கோடுகள் வெட்டிக்கொண்டன. வெட்டும் புள்ளியைத் தொட்டால் தீர்வு தெரிந்தது. ஒரு பாடவேளையில் பன்னிரண்டு கணக்குகள் முடிந்தன. வரைபடத்தாளில் அதே நேரத்தில் இரண்டு முடிந்தாலே பெரிது என்பதால், வேகமாகப் போகிறோம் என்ற நிறைவு எனக்கும் இருந்தது.

அந்த வேகத்தில் என்ன போனது என்பதை மேலே சொன்ன விடைத்தாள்கள் காட்டின. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபட வினாவுக்கு 8 மதிப்பெண். அதை முழுமையாகப் பெற வேண்டுமானால் அட்டவணை, அளவுத்திட்டம், அச்சுகளின் பெயர், புள்ளிகள், கோடு, தீர்வு என்று ஒவ்வொன்றும் தாளில் இருக்க வேண்டும். என் மாணவர்களில் பாதிப் பேர் அளவுத்திட்டத்தையே எழுதவில்லை. திரையில் அச்சுகள் தாமாகவே எண்களோடு வந்து நிற்கும்போது, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலகு என்று முடிவு செய்ய வேண்டியவர் தாம்தான் என்பதே அவர்களுக்கு மறந்து போயிருந்தது. அதைவிடக் கவலை தந்தது அட்டவணை. 2எக்ஸ் + 3ஒய் = 12 என்ற கோட்டுக்கு எக்ஸின் மதிப்பாக 0, 3, 6 ஆகியவற்றை எடுத்தால் ஒய்க்கு 4, 2, 0 என்று முழு எண்களே கிடைக்கும். எக்ஸ் = 1 என்று எடுத்தவருக்கு ஒய் 10/3 என்று வரும்; அதைத் தாளில் குறிக்கத் தடுமாற வேண்டும். எந்த மதிப்பை எடுத்தால் கணக்கு இலகுவாகும் என்று கண்ணோட்டம் விடும் அந்தப் பழக்கத்தைச் செயலி ஒருபோதும் கேட்பதில்லை. கேட்காததால் அது துருப்பிடித்துவிடுகிறது. கோடு வரைய இரண்டு புள்ளிகள் போதும் என்றாலும் மூன்றாவதாக ஒன்றைக் குறிக்கச் சொல்வது, முதல் இரண்டில் எங்கேனும் தவறியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும் என்பதற்காகத்தான். அந்த மூன்றாம் புள்ளியையும் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். தவறு செயலியுடையது அன்று. வரிசையை மாற்றி வைத்த என்னுடையது.

மூன்றாம் ஆண்டு முதல் தாள் முன்னாலும் திரை பின்னாலும் என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு இரண்டு கணக்குகள்தான். முதலில் வரைபடத்தாளில் முழுமையாகப் போட வேண்டும். அதன்பின் செயலியில் தட்டச்சு செய்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் எங்கே பிசகியது என்று தாளிலேயே சிவப்பு மையால் குறிக்க வேண்டும். இந்தச் சிவப்புக் குறிகளைத்தான் நான் திருத்துகிறேன், கணக்குகளை அல்ல. பெரும்பாலான குறிகள் ஒரே இடத்தில் விழுகின்றன: குறை எண்ணைச் சமன்குறிக்கு அப்புறம் கொண்டு போகும்போது.

இந்த ஒப்பீட்டில் ஒரு சிக்கல் வந்தது. 2எக்ஸ் + 3ஒய் = 12, எக்ஸ் – 2ஒய் = 1 என்ற இணையை ஒரு மாணவி நீக்கல் முறையில் (ஒரு மாறியை நீக்கித் தீர்வு காணும் முறை) போட்டு எக்ஸ் = 27/7, ஒய் = 10/7 என்று சரியாகவே எழுதியிருந்தாள். செயலியோ (3.86, 1.43) என்று காட்டியது. சரிபார்க்க அவள் திரையில் வந்த எண்களையே பிரதியிட்டாள், இடப்பக்கம் 12.01 என்று வந்தது. "சார், ரெண்டுமே தப்பு" என்று வந்து நின்றாள். இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கிக் காட்டும் அமைப்பை நான் மாற்றாமல் விட்டிருந்தேன். மதிப்பைப் பின்னமாகக் காட்டும் கட்டளையும் செயலியில் உண்டு. ஆனால் நான் இப்போது அதை வேண்டுமென்றே சொல்லித் தருவதில்லை. 12.01 என்று வருவதைப் பார்த்து, அந்த 0.01 எங்கிருந்து வந்தது என்று பத்து நிமிடம் பேசுவது, தோராய மதிப்புக்கும் சரியான மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை நான் கரும்பலகையில் விளக்கியதைவிட ஆழமாகப் பதிகிறது.

கைப்பேசித் திரையின் அகலமும் பிள்ளைகளை ஏமாற்றும். இரு எண்களின் வித்தியாசம் 2, அவற்றின் விகிதம் 20:19 என்று ஒரு கணக்குக் கொடுத்திருந்தேன். சமன்பாடுகள் எக்ஸ் – ஒய் = 2, 19எக்ஸ் – 20ஒய் = 0. திரையில் இரண்டு கோடுகளும் தண்டவாளம் போல் நீண்டு போகின்றன. வகுப்பில் பெரும்பாலோர் 'இணை கோடுகள், தீர்வு இல்லை' என்று எழுதிவிட்டார்கள். கெழுக்களின் (மாறிகளின் முன்னால் உள்ள எண்களின்) விகிதத்தைப் பார்த்த இருவர் மட்டும் 1/19, 1/20 ஆகிய இரண்டும் சமமில்லை, ஆகவே எங்கோ வெட்டியே தீர வேண்டும் என்று வாதாடினார்கள். திரையை இரு விரலால் சுருக்கிக்கொண்டே போனபோது (40, 38) என்ற இடத்தில் கோடுகள் சந்தித்தன. அன்றிலிருந்து 'தீர்வு இல்லை' என்று எழுதுவதற்கு முன் விகிதத்தை எழுதிக் காட்ட வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் சட்டமாகிவிட்டது.

இனிச் சொல்லப்போவது, தாளால் செய்ய முடியாததும் செயலியால் எளிதாக முடிவதுமான ஒன்று. 2எக்ஸ் + கேஒய் = 12 என்று தட்டச்சு செய்தால் கே என்ற மாறிலிக்கு ஒரு ஸ்லைடர் (நகர்த்தி மதிப்பை மாற்றும் பட்டை) தானாக வந்துவிடும். அதை நகர்த்தினால் கோடு ஆணி அடித்த கதவு போல (6, 0) என்ற புள்ளியைப் பற்றிக்கொண்டு சுழலும். ஏன் அந்தப் புள்ளி மட்டும் அசையவில்லை என்று கேட்டால், ஒய் சுழியாக இருக்கும்போது கே எதுவாக இருந்தாலும் கவலையில்லை என்ற விடை கடைசி வரிசையிலிருந்தும் வருகிறது. வலப்பக்க 12ஐ மாற்றினால் கோடு சாய்வு மாறாமல் பக்கவாட்டில் நகர்கிறது. இந்த இரண்டு அசைவுகளையும் பார்த்த பிள்ளைகளுக்கு, எந்த எண் கோட்டைத் திருப்புகிறது, எந்த எண் தள்ளுகிறது என்பது சூத்திரம் சொல்லாமலே பிடிபடுகிறது.

நீக்கல் முறைக்கும் இதே வழியைப் பிடித்தேன். பல ஆண்டுகள் நான் அதை ஒரு கைவேலையாகவே கற்பித்து வந்தேன்: கெழுவைச் சமமாக்கு, கழி, ஒரு மாறி போய்விடும். ஏன் கழிக்கலாம், கழித்தபின் கிடைக்கும் சமன்பாட்டுக்கும் பழைய கோடுகளுக்கும் என்ன உறவு என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எக்ஸ் + ஒய் = 7, எக்ஸ் – ஒய் = 1 என்ற இணையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சமன்பாட்டோடு இரண்டாவதை எம் மடங்கு கூட்டினால் கிடைப்பதை (எக்ஸ் + ஒய் – 7) + எம்(எக்ஸ் – ஒய் – 1) = 0 என்று மூன்றாவது கோடாகத் தட்டச்சு செய்து, எம்மின் ஸ்லைடரை நகர்த்த வேண்டும். புதிய கோடு எப்படிச் சுழன்றாலும் (4, 3) என்ற வெட்டும் புள்ளியை விடாது. எம் = 1 ஆகும்போது அது செங்குத்தாக நிற்கிறது; சமன்பாடு 2எக்ஸ் = 8. எம் = –1 ஆகும்போது கிடையாகப் படுக்கிறது; சமன்பாடு 2ஒய் = 6. நீக்குவது என்பது, வெட்டும் புள்ளியை விடாமல் கோட்டைச் சுழற்றி, ஓர் அச்சுக்கு இணையாக நிறுத்துவதுதான். கல்லூரியில் படித்தபோது இதை நான் இயற்கணிதமாக அறிந்திருந்தேன். கண்ணால் பார்த்தது நாற்பத்தைந்தாம் வயதில், பிள்ளைகளோடு சேர்ந்துதான்.

இதன் தொடர்ச்சியாக ஒரு பழைய கணக்கைக் கொடுப்பேன். 9ஆம் நூற்றாண்டில், இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞரின் நூலில் உள்ளது. அந்நூலை ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் பதிப்பித்தார். 9 கடாரங்காய்களும் 7 விளாம்பழங்களும் சேர்ந்து விலை 107. 7 கடாரங்காய்களும் 9 விளாம்பழங்களும் சேர்ந்து விலை 101. ஒவ்வொன்றின் விலை என்ன? கூட்டினால் 16 கடாரங்காய்களும் 16 விளாம்பழங்களும் 208, ஆகவே ஒன்றும் ஒன்றும் 13. கழித்தால் வித்தியாசம் 3. கடாரங்காய் 8, விளாம்பழம் 5. ஆனால் கடாரங்காயின் விலையை எக்ஸ், விளாம்பழத்தின் விலையை ஒய் என்று வைத்து ஸ்லைடரில் இதைப் போட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். எம் –0.8 ஆக இருக்கும்போது கோடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், –0.7க்கு வந்தால் மறு பக்கம் சாய்ந்துவிடும், 0.1 வீதம் தாவும் ஸ்லைடரால் செங்குத்தாக மட்டும் நிறுத்த முடியாது. எந்த இடத்தில் நிற்கும் என்று தாளில் கண்டுபிடித்துக்கொண்டு வரச் சொன்னால், ஒய்யின் கெழுவான 7 + 9எம் சுழியாக வேண்டும், ஆகவே எம் = –7/9 என்று எழுதி வருகிறார்கள். முதல் சமன்பாட்டை 9 ஆலும் இரண்டாவதை 7 ஆலும் பெருக்கிக் கழிக்கும் பழைய கைவேலையே அது என்று அப்போது அவர்களுக்குத் தெரிகிறது.

வார்த்தைக் கணக்குகளுக்கு மட்டும் இந்தச் செயலி எந்த உதவியும் செய்வதில்லை. ஈரிலக்க எண் ஒன்றின் இலக்கங்களின் கூடுதல் 9, இலக்கங்களை இடம் மாற்றினால் எண் 27 கூடுகிறது என்ற கணக்கில், எண்ணை எக்ஸ்ஒய் என்றே எழுதும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அப்படியே தட்டச்சு செய்தால் செயலி அதைப் பெருக்கலாக எடுத்துக்கொள்ளும்; இரு பக்கமும் ஒரே பெருக்கற்பலன் என்பதால் மிஞ்சுவது 27 = 0. திரையில் கோடு எதுவும் வராது. ஏன் வரவில்லை என்று செயலி சொல்லாது. கைப்பேசி கெட்டுவிட்டது என்று நினைக்கும் பிள்ளையிடம், எண் 10எக்ஸ் + ஒய் ஆகும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். விடை 36. ஆகவே மொத்தப் பயிற்சி நேரத்தில் ஏறத்தாழப் பாதியை நான் கைப்பேசி இல்லாமலே செலவிடுகிறேன். 'எக்ஸ் என்பது பத்தாம் இடத்து இலக்கம்' என்பது போன்ற முழு வாக்கியம் ஒன்றை எழுதிய பிறகே சமன்பாடு எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

இடையில் வேறு இரண்டு செயலிகளையும் முயன்று பார்த்தேன். கணக்கைப் புகைப்படம் எடுத்தால் படிப்படியாக விடை தரும் ஒன்றை ஒரே வாரத்தில் நிறுத்தினேன். வீட்டுப்பாடம் எல்லாம் ஒரே நடையில் வரத் தொடங்கியது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் வகையிலான இன்னொன்றில், நான்கையும் பிரதியிட்டுப் பார்த்தே பிள்ளைகள் சரியானதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரதியிடலுக்கு அது நல்ல பயிற்சிதான். ஆனால் தீர்வு காண அவர்கள் முயலவே இல்லை.

புதிதாகத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் முதல் மூன்று வாரங்கள் செயலியை எடுக்காமல், வரைபடத்தாளும் மூன்று புள்ளிகளும் கைக்கு வந்தபின் ஸ்லைடரிலிருந்து தொடங்கலாம். கைப்பேசி கிடைக்காத பிள்ளைகள் என் வகுப்பில் இந்த ஆண்டும் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக எம்மின் ஐந்து மதிப்புகளுக்கு ஐந்து கோடுகளை ஒரே வரைபடத்தாளில் வெவ்வேறு வண்ணப் பென்சில்களால் வரையச் சொன்னேன். ஐந்தும் ஒரே புள்ளியில் போய்க் குத்தி நின்ற அந்தத் தாளைத்தான் வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.