கப்பிங் செய்துகொள்ளப் போகிறீர்களா? என் முதுகுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

பல மாதமாகக் கழுத்தும் தோள்பட்டையும் இறுகிக் கிடந்தன. முதுகில் கிண்ணங்களைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்சவைக்கும் கப்பிங் சிகிச்சை செய்தால் லேசாகும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார், போனேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. எங்கே போனாலும் இது நடக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

போனதும் "சட்டையைக் கழற்றிட்டுக் குப்புறப் படுங்க" என்றார்கள். நான் ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறவன். என்ன மருந்து எடுக்கிறீர்கள், என்ன நோய் இருக்கிறது என்று ஒரு கேள்வி இல்லை. நானாகவாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

சிகிச்சை செய்பவர் எரியும் பஞ்சைக் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துவிட்டு, உடனே முதுகில் கவிழ்த்தார். உள்ளே உள்ள சூடான காற்று ஆறிச் சுருங்கும்போது தோலை மேலே உறிஞ்சிக்கொள்ளும். பம்ப் வைத்து இழுக்கும் பிளாஸ்டிக் கிண்ணங்களும் இருக்கின்றன, அவற்றில் தீக்காயப் பயம் இல்லை. ஏழு கிண்ணங்களை வைத்துவிட்டு அவர் வெளியே போனார்.

வழக்கமாக 5 முதல் 10 நிமிடம்தான் வைப்பார்கள். தலையைத் திருப்பினால் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. 10 நிமிடம் போனது, 20 போனது. முதலில் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்த இடம் எரிய ஆரம்பித்தது. கூப்பிட்டேன். பக்கத்து அறையிலிருந்து "இருங்க, வரேன்" என்று குரல் மட்டும் வந்தது. கழற்றும்போது 35 நிமிடம் ஆகியிருந்தது.

"எப்படிக் கறுத்திருக்கு பாருங்க, அவ்வளவும் கெட்ட ரத்தம்" என்றார். தயவுசெய்து இந்தப் பேச்சை நம்பாதீர்கள். உறிஞ்சும்போது தோலுக்கடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து ரத்தம் கசிகிறது, அடிபட்ட இடம் கன்றிப்போகிற மாதிரி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்த வட்டங்களும் இவைதான். ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். ரொம்பக் கறுத்தால் இழுப்பு அதிகம், வைத்த நேரம் அதிகம், அல்லது என்னைப் போல் மாத்திரை சாப்பிடுகிறவர் என்று அர்த்தம். நோயின் அளவை அந்த நிறம் காட்டாது.

அடுத்த முறை கீறி ரத்தம் எடுக்கலாம், பத்து தடவைக்கும் இப்போதே பணம் கட்டுங்கள் என்றார். ஹிஜாமா என்று சொல்வது இதைத்தான். உறையாத ரத்தம் உள்ளவனைக் கீறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் பதறுகிறது. அதோடு, பிளேடும் கிண்ணமும் ஏற்கெனவே வேறொருவருக்குப் பயன்படுத்தியதாக இருந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி வரை பரவ வாய்ப்பு உண்டு. அவற்றின் உறை உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும்.

அன்று இரவு சட்டையைக் கழற்றினால் வரவில்லை, ஒட்டியிருந்தது. நான்கு வட்டங்களில் திராட்சை அளவுக்குக் கொப்புளங்கள், ஒன்று உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "நீங்க சாப்பிடுற மாத்திரையை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

கப்பிங்கே மோசம் என்று சொல்லவில்லை. கழுத்துவலி, இடுப்புவலிக்குக் கொஞ்ச நாள் ஆறுதல் கிடைக்கலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் அவை அவ்வளவு உறுதியானவை அல்ல. சர்க்கரையைக் குணமாக்கும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ரத்தசோகை, ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தோலில் புண்ணோ சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோயோ உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் படுக்கவே வேண்டாம். கிண்ணம் வைத்தபின் ஆள் பக்கத்திலேயே இருப்பாரா என்றும் முன்கூட்டியே கேளுங்கள்.

ஏற்கெனவே செய்துகொண்டு கொப்புளம் வந்திருந்தால் குத்தி உடைக்காதீர்கள், சுத்தமான துணியால் மூடுங்கள். சீழ் வைத்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.